இரண்டில் ஒன்றை மூடினால்

2019 ஏப்ரல் 25. ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிக் கலந்த செய்தி அன்றுதான் பூமிக்கு வந்து சேர்ந்தது. அந்த மோதல் கிளப்பிய ஈர்ப்பலையை அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், லிவிங்ஸ்டன் என்ற ஊரில் உள்ள லைகோ கருவி தெளிவாகப் பதிவு செய்தது. அதன் இணைக்கருவி 3,000 கிலோமீட்டர் தள்ளி, வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் இருக்கிறது. அந்த நேரத்தில் அது ஓடிக்கொண்டிருக்கவில்லை. இத்தாலியின் விர்ஜோ கருவி ஓடியது. ஆனால் அதன் பதிவில் அலை இரைச்சலைத் தாண்டி எழும்பவில்லை.

மோதல் நடந்த இடம் வானத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குள் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. 8,000 சதுர பாகைக்கும் அதிகமான பரப்பு அது. முழுநிலவு வானில் அடைத்துக்கொள்ளும் இடத்தைப்போல 40,000 மடங்கு. உலகெங்கும் உள்ள தொலைநோக்கிகள் இரவிரவாகத் தேடின. ஒன்றும் அகப்படவில்லை. மோதலிலிருந்து ஒளி எழுந்திருந்தால் அது யார் கண்ணிலும் படாமலே மங்கிப்போயிருக்கும்.

ஒரு கருவி மட்டும் விழித்திருந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த நாள் காட்டிவிட்டது. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் 2025 மே மாதக் கடைசியில் வெளியான ஓர் அரசு ஆவணத்தைப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கான 2026ஆம் நிதியாண்டின் பட்ஜெட் கோரிக்கை அது. லைகோவை நடத்த 2024ல் கொடுக்கப்பட்ட 4.8 கோடி டாலரை 2.9 கோடியாகக் குறைக்கலாம், இரண்டு இடங்களில் ஒன்றை நிறுத்திவிடலாம் என்றது அந்தக் கோரிக்கை. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் தெரியும். ஒரே வேலையைச் செய்யும் ஒரே மாதிரியான இரண்டு கருவிகள். ஒன்றை மூடினாலும் மற்றது ஓடும். அறிவியல் பாதியாவது மிஞ்சும்.

பாதி மிஞ்சாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முதலில் இந்தக் கருவி எதை, எப்படி அளக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

ஈர்ப்பலை உண்டு என்று ஐன்ஸ்டைன் 1916ல் கணக்குப் போட்டுச் சொன்னார். கனமான பொருள்கள் வேகமாகச் சுழன்றாலோ மோதினாலோ சுற்றியுள்ள வெளியே அதிர்கிறது. அந்த அதிர்வு ஒளியின் வேகத்தில் பரவுகிறது. அலை நம்மைக் கடக்கும்போது வெளி ஒரு திசையில் நீள்கிறது, அதற்குச் செங்குத்தான திசையில் சுருங்குகிறது. அடுத்த கணம் நீண்டது சுருங்கி, சுருங்கியது நீள்கிறது. இந்த மாற்றம் எவ்வளவு என்பதில்தான் சிக்கலே. ஒன்றுக்குப் பின்னால் 21 சுழியங்களைப் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் நான்கு ஒளியாண்டுக்குச் சற்றே அப்பால் இருக்கிறது. அவ்வளவு தூரமும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவு கூடிக் குறைந்தால் எப்படியோ, அப்படி. தன் அலைகளை மனிதர்கள் என்றாவது அளப்பார்கள் என்று ஐன்ஸ்டைன் நம்பவில்லை.

லைகோ அதை அளக்கும் முறை கேட்பதற்கு எளிது. ஆங்கில எழுத்து எல் வடிவில் இரண்டு நீண்ட குழாய்கள், ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர். மூலையில் ஒரு லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு குழாய்க்குள்ளும் அனுப்புகிறார்கள். கோடியில் உள்ள கண்ணாடியில் பட்டு ஒளி திரும்பும். திரும்பிய இரு கற்றைகளும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துக்கொள்ளும்படி முன்கூட்டியே அமைத்திருக்கிறார்கள். ஒரு குழாய் கொஞ்சம் நீண்டு மற்றது சுருங்கினால் அந்தச் சமநிலை குலையும், ஒளி எட்டிப்பார்க்கும். ஒளி ஒரே ஒரு முறை போய்வந்தால் போதாது என்பதால் ஒவ்வொரு கையிலும் அதைச் சுமார் 300 முறை முன்னும் பின்னும் ஓடவிடுகிறார்கள்.

எளிமை அத்தோடு முடிந்தது. கண்ணாடிகள் ஒவ்வொன்றும் 40 கிலோ எடை. தலைமுடியைவிடச் சில மடங்கே தடித்த, 0.4 மில்லிமீட்டர் கண்ணாடி இழைகளில், நான்கு அடுக்கு ஊசலின் அடியில் அவை தொங்குகின்றன. குழாயின் உள்ளே வளிமண்டல அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் காற்று. 4 கிலோமீட்டர் என்பது பூமி வளைவது கணக்கில் வரும் நீளம். குழாய் நேர்கோட்டில் போக வேண்டுமென்றால் கோடியில் தரை ஒரு மீட்டருக்கும் மேலாகக் கீழே போய்விடும். கான்கிரீட் போட்டவர்கள் அதைச் சரிக்கட்டியே போட்டார்கள். இத்தனையும் செய்து கடைசியில் அளப்பது என்ன? ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவு.

இவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவிக்கு உலகத்தில் எல்லாமே தொந்தரவு. கடற்கரையில் மோதும் அலைகள் தெரியும். லிவிங்ஸ்டனைச் சுற்றிக் காட்டில் மரம் வெட்டினால் தெரியும், ரயில் போனால் தெரியும். ஹான்ஃபோர்டில் காற்று ஓங்கி வீசினால் தெரியும்.

ஹான்ஃபோர்டில் 2017ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கருவியின் பதிவில் அவ்வப்போது சிறு துடிப்புகள் வந்துபோயின. காரணம் பிடிபடவில்லை. சுற்றிலும் பொருத்தியிருந்த ஒலிவாங்கிகளில் ஒன்று அதே நேரங்களில் டொக் டொக்கென்று ஒரு சத்தத்தைப் பிடித்திருந்தது. ஆட்கள் வெளியே போய்ப் பார்த்தார்கள். வெற்றிட அமைப்புக்கான நைட்ரஜன் குழாயின் மேல் உறைபனி படிந்திருந்தது. அந்தப் பனியில் அலகு கொத்திய தடங்கள். வறண்ட அந்த நிலத்தின் அண்டங்காக்கைகள் கோடைத் தாகத்துக்கு அந்தப் பனியைக் கொத்திக் கொத்தித் தின்றிருக்கின்றன. கொத்தின அதிர்வு குழாய் வழியே உள்ளே போய் லேசர் ஒளியை அசைத்திருக்கிறது. ஆய்வாளர்கள் தாங்களே அந்தப் பனியைத் தட்டிப் பார்த்தார்கள். பதிவில் அதே துடிப்பு வந்தது. பிறகு பனி படியாதபடி குழாயை மூடினார்கள்.

காக்கையைக் கண்டுபிடித்தார்கள், சரி. கண்டுபிடிக்காமலே போகும் தொந்தரவுகள் எத்தனையோ. அவற்றில் சில, கருந்துளைகள் மோதும்போது வரும் அலையைப்போலவே தோற்றம் காட்டும். ஒரே ஒரு கருவியை வைத்துக்கொண்டு இது வானத்திலிருந்து வந்தது, இது பூமியில் கிளம்பியது என்று பிரிப்பது எப்படி? இரண்டாவது கருவி இருந்தால் வழி உண்டு. ஹான்ஃபோர்டில் காக்கை கொத்தினால் லிவிங்ஸ்டன் அசையாது. ஆனால் ஈர்ப்பலை இரண்டையும் அசைக்கும், ஒரே வடிவில் அசைக்கும். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒளி கடக்கும் நேரம் விநாடியில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லிவிநாடி. அதற்குள் இரண்டும் அசைந்திருக்க வேண்டும்.

இரண்டு கருவிகள் வேண்டும் என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணம் இதுதான். சரியான காரணமும்கூட. ஆனால் இது முழுக் காரணம் அல்ல. லைகோவுக்கு முந்தைய ஒரு சோகக் கதை அதை விளக்கும்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜோசப் வெபர் 1960களில் ஈர்ப்பலையைத் தேடிக் கருவி கட்டிய முதல் மனிதர். ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவான அலுமினிய உருளையைத் தொங்கவிட்டு, அதன் அதிர்வை அளந்தார். அவரிடமும் இரண்டு உருளைகள் இருந்தன. ஒன்று மேரிலாந்தில், மற்றொன்று சிகாகோ அருகே. இரண்டும் ஒரே நேரத்தில் அதிர்வதைக் கண்டதாக 1969ல் அறிவித்தார். உலகமே பரபரத்தது. மற்றவர்கள் இன்னும் நுட்பமான உருளைகளைக் கட்டிப் பார்த்தார்கள், எதுவும் அகப்படவில்லை. பிறகு ராச்செஸ்டரில் இருந்த ஒரு குழுவின் பதிவோடு தன் பதிவை ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போவதாக வெபர் சொன்னார். அந்த இரண்டு பதிவுகளிலும் நேரம் வெவ்வேறு கடிகாரப்படி குறிக்கப்பட்டிருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அவர் ஒப்பிட்ட பதிவுகளுக்கு நடுவே நான்கு மணி நேர வித்தியாசம். நான்கு மணி நேரம் தள்ளி நடந்தவை ஒரே அலையால் நடந்திருக்க முடியாது. நேர்மையான மனிதர், கடும் உழைப்பாளி. ஆனால் தற்செயலான ஒற்றுமை எத்தனை முறை வரும் என்று எண்ணிக் கழிக்கும் முறையில் அவர் கோட்டைவிட்டார்.

வெபரின் பிழையில் இருந்ததையே லைகோ தன் தற்காப்பாக மாற்றிக்கொண்டது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஹான்ஃபோர்டின் பதிவை எடுத்து, அதன் கடிகாரத்தை வேண்டுமென்றே விநாடியில் பத்தில் ஒரு பங்கு நகர்த்துகிறார்கள். அப்படி நகர்த்திய பதிவை லிவிங்ஸ்டன் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். இப்போது ஏதாவது ஒத்துப்போனால் அது நிச்சயமாகத் தற்செயல், ஏனென்றால் எந்த அலையும் இரு ஊர்களுக்கு நடுவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது. மறுபடி நகர்த்துகிறார்கள், மறுபடி ஒப்பிடுகிறார்கள். இப்படி ஒரு கோடி முறைக்கும் மேல். 2015ல் முதல் கண்டுபிடிப்பின்போது கையில் இருந்தது இரண்டும் சேர்ந்து ஓடிய 16 நாள் பதிவுதான். நகர்த்தி நகர்த்தி அதிலிருந்து 6,08,000 ஆண்டுகளுக்குச் சமமான தற்செயல் பதிவை உண்டாக்கினார்கள். அத்தனை ஆண்டிலும் அவ்வளவு வலுவான ஒற்றுமை ஒன்றுகூட வரவில்லை. அதனால்தான் இது தற்செயலாக வர வேண்டுமென்றால் 2,03,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கும் குறைவாகத்தான் வரும் என்று துணிந்து எழுத முடிந்தது.

ஒரே கருவி இருந்தால் எதை எதோடு நகர்த்துவது? கிடைத்த அலையை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் அளவுகோலே இரண்டாவது கருவியிலிருந்துதான் வருகிறது. அதை மூடினால் கண்டுபிடிப்புகள் குறையும் என்பது மட்டுமல்ல, இருக்கும் கருவியின் பேச்சுக்கும் சாட்சி இல்லாமல் போகும்.

பணம் கொடுத்தவர்களுக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. லைகோவின் நிதி வரலாற்றைப் படிக்கும்போது வியப்பைத் தருவது அதுதான்.

எம்.ஐ.டி.யில் ரெய்னர் வைஸ் 1960களின் பிற்பகுதியில் பொதுச் சார்பியல் பாடம் நடத்தினார். மாணவர்கள் வெபரின் சோதனையைப் பற்றிக் கேட்டார்கள். அவருக்கே அது பிடிபடவில்லை. மிதக்கும் பொருள்களுக்கு நடுவே ஒளியை அனுப்பி ஈர்ப்பலையை அளக்க முடியுமா என்று அதைக் கணக்காக மாற்றி மாணவர்களிடம் கொடுத்தார். பிறகு தானே உட்கார்ந்து, அப்படி ஒரு கருவியை எந்தெந்த இரைச்சல் எவ்வளவு கெடுக்கும் என்று ஒன்றுவிடாமல் கணக்கிட்டு 1972ல் ஓர் அறிக்கை எழுதினார். எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தின் காலாண்டு அறிக்கை ஒன்றில் அது வெளிவந்தது. இன்றைய லைகோவின் அடித்தளம் முழுவதும் அதில் இருக்கிறது. அப்போது அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் பணம் ராணுவத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ராணுவப் பணத்தை ராணுவத்துக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வுக்கே செலவிட வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர, அந்த வழி அடைபட்டது. வைஸ் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கதவைத் தட்டினார். அங்கே ஈர்ப்பியல் பிரிவைக் கவனித்த ரிச்சர்ட் ஐசக்ஸன் தானே பொதுச் சார்பியலில் ஆய்வு செய்தவர். கோப்பில் இருப்பது என்ன என்று புரிந்த அதிகாரி. கால்டெக்கில் கிப் தார்ன், கிளாஸ்கோவிலிருந்து அங்கே வந்த ரொனால்ட் டிரெவர், எம்.ஐ.டி.யில் வைஸ் என்று மூவர் அணி உருவானபோது, அது சிதறாமல் பல ஆண்டுகள் காத்ததில் ஐசக்ஸனுக்குப் பெரிய பங்கு உண்டு.

1986 நவம்பரில் அறக்கட்டளை ஒரு நிபுணர் குழுவைக் கூட்டியது. வெபரின் கண்டுபிடிப்பைத் தவறென்று காட்டியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் கார்வினும் அதில் இருந்தார். எளிதில் மசிகிறவர் அல்ல. முதலில் ஒன்றைக் கட்டிப் பார்ப்போமே என்ற எண்ணம் எந்த நிதி அதிகாரிக்கும் எழக்கூடியதுதான். அந்தக் குழுவின் முடிவு வேறு: கட்டினால் முழு நீளத்தில், இரண்டு இடங்களில், ஒரே நேரத்தில் கட்ட வேண்டும். மூவர் அணிக்குப் பதிலாக ஒரே இயக்குநர் வேண்டும். இந்த இரண்டாவது யோசனைப்படி 1987ல் ராபி வோக்ட் பொறுப்பேற்றார். 1990ல் தேசிய அறிவியல் வாரியம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

எதிர்ப்பு வானியலாளர்களிடமிருந்தே வந்தது. பெல் ஆய்வகத்தின் டோனி டைசன் 1991ல் நாடாளுமன்றக் குழுவின் முன் திட்டத்துக்கு எதிராகப் பேசினார். அவரும் ஈர்ப்பலை தேடிக் களைத்தவர்தான். ஹபிள் தொலைநோக்கிக்காக அரசியல்வாதிகளிடம் நடையாய் நடந்த ஜான் பாகாலும் லைகோவை விமர்சித்தார். அவர்களுடைய கவலையைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. தொலைநோக்கி கேட்டு வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே, எதையாவது காணுமா என்றே தெரியாத கருவிக்கு இவ்வளவு பெரிய தொகை போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? இருந்தும் முதல் ஆண்டுக்கான பணத்தை நாடாளுமன்றம் ஒதுக்கியது. 1992ல் இடங்கள் முடிவாயின. லூயிசியானாவின் செனட்டர் பென்னட் ஜான்ஸ்டனை வோக்ட் பார்க்கப் போனதும், சில நிமிடங்களுக்குக் கேட்ட சந்திப்பு அண்டத்தின் கதையைப் பேசிப் பேசி இரண்டு மணி நேரம் நீண்டதும் லைகோ வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. தன் மாநிலத்துக்கு வேலைவாய்ப்பு வரும் என்பதும் அவர் மனத்தில் இருந்திருக்கும். அதில் தப்பில்லை. பெரிய கருவிகள் எல்லாமே யாரோ ஒருவருடைய தொகுதியில்தான் எழுகின்றன.

பணிகள் தள்ளாடின. 1994ல் பாரி பாரிஷ் பொறுப்பேற்று, செலவை மறைக்காமல் திருத்திப் போட்டார். 39.5 கோடி டாலர். அறக்கட்டளையின் வரலாற்றிலேயே அதுவரை இவ்வளவு பெரிய திட்டம் இருந்ததில்லை. பாரிஷின் திட்டத்தில் இன்னொன்றும் பச்சையாகவே இருந்தது. கட்டடத்தையும் வெற்றிடக் குழாய்களையும் ஒரேயடியாகக் கடைசி வரைக்கும் தாங்கும்படி கட்டுவோம், உள்ளே வைக்கும் முதல் கருவி பெரும்பாலும் எதையும் காணாமல் போகலாம், அதில் கற்றுக்கொண்டு இரண்டாவது தலைமுறைக் கருவியைச் செய்வோம். இப்படி எழுதிக் கொடுத்த திட்டத்துக்கு ஓர் அரசு பணம் கொடுத்தது. 2002 முதல் 2010 வரை முதல் கருவி ஓடியது. ஒரு அலையும் கிட்டவில்லை. ஓடி முடிவதற்கு முன்பே, 2008ல், மேம்பட்ட கருவிக்கு 20.5 கோடி டாலர் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜெர்மனியும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பங்கு போட்டன. வெறுங்கையோடு நிற்கும் திட்டத்துக்கு அடுத்த தவணையைக் கொடுத்த அந்த முடிவு இல்லையென்றால் மற்ற எதுவும் நடந்திருக்காது.

2015 செப்டம்பர் 14. மேம்பட்ட கருவியின் முறையான ஓட்டம் இன்னும் தொடங்கவில்லை, சோதனை ஓட்டம்தான். லிவிங்ஸ்டனில் அன்றிரவு கருவியை வேண்டுமென்றே தட்டியும் அசைத்தும் சோதித்துக்கொண்டிருந்த இருவர் விடியற்காலை நான்கு மணிவாக்கில் களைத்துப்போய் நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள். 4:50க்கு அலை வந்தது. முதலில் லிவிங்ஸ்டன், 7 மில்லிவிநாடி கழித்து ஹான்ஃபோர்டு. விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் நீடித்தது. சூரியனைப்போல 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் 130 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒன்றாகி, மூன்று சூரியன்களின் நிறையை அலையாகக் கொட்டியிருந்தன. திரையில் அதை முதலில் பார்த்தவர் ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்கோ டிராகோ. யாரோ சோதனைக்காகப் போலி அலையை உள்ளே செலுத்தியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். அவர் நினைத்ததில் காரணம் இருந்தது. 2010ல் அப்படி ஒரு போலி அலையை ரகசியமாகச் செலுத்தி, நூற்றுக்கணக்கானவர்களை மாதக்கணக்கில் ஆராயவிட்டு, கட்டுரையும் எழுதவைத்து, அதன் பிறகே உறையைப் பிரித்து உண்மையைச் சொன்னார்கள். இந்த முறை உறை எதுவும் இல்லை. 2016 பிப்ரவரி 11 அன்று உலகுக்கு அறிவித்தார்கள். அதற்குள் அறக்கட்டளை நாற்பது ஆண்டுகளில் போட்டிருந்த பணம் சுமார் 110 கோடி டாலர். வைஸ், தார்ன், பாரிஷ் மூவருக்கும் 2017ல் நோபல் பரிசு. டிரெவர் அதே ஆண்டு மார்ச்சில் இறந்துவிட்டார்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று நடந்தது 2019 நிகழ்வுக்கு நேர் எதிர். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. கருவியின் தானியங்கிக் கணினி முதலில் ஹான்ஃபோர்டு பதிவில் மட்டும்தான் அலையைக் கண்டது. லிவிங்ஸ்டனில் மோதலுக்கு ஒரு விநாடி முன்பு ஏதோ ஓர் உள்ளூர்த் துடிப்பு குறுக்கே பாய்ந்து கணினியைக் குழப்பியிருந்தது. மனிதர்கள் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தபோது, துடிப்புக்கு அடியில் அதே அலை அழகாக ஏறிக்கொண்டு போவது தெரிந்தது. அந்த மாதம் முதல் தேதிதான் விர்ஜோ ஓட்டத்தில் சேர்ந்திருந்தது. அதில் அலை மிக மங்கலாகவே பதிந்திருந்தது, அதுவே துப்பானது. விர்ஜோவுக்குச் சரியாகத் தெரியாத ஒரு திசையிலிருந்து அலை வந்திருக்கிறது என்று பொருள். அமெரிக்கக் கருவிகள் இரண்டும் சேர்ந்து 190 சதுர பாகை என்று சொன்னது, மூன்றும் சேர்ந்தபோது சுமார் 30 ஆனது. அலை வந்து 11 மணி நேரத்துக்குள் சிலி நாட்டின் ஒரு தொலைநோக்கி, 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஒரு விண்மீன்திரளின் ஓரத்தில் முந்திய நாள் இல்லாத ஒரு ஒளிப்புள்ளியைக் கண்டது. அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்துத்தான், தங்கமும் பிளாட்டினமும் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு நேரடிச் சான்று கிடைத்தது. காமாக் கதிர் வெடிப்பு ஈர்ப்பலைக்கு 1.7 விநாடி பின்னால் வந்தது. 13 கோடி ஆண்டு ஓட்டத்தில் இவ்வளவுதான் வித்தியாசம். ஈர்ப்பும் ஒளியும் ஒரே வேகத்தில் பயணிக்கின்றன என்பது அந்த ஒரே நாளில் உறுதியானது.

விர்ஜோ இருக்கிறதே, ஜப்பானில் மலைக்கடியில் காக்ரா இருக்கிறதே, அவை துணையாகாதா என்று கேட்கலாம். இரண்டும் 3 கிலோமீட்டர் கைகள் கொண்டவை. நியூட்ரான் விண்மீன் மோதலை விர்ஜோ எட்டிக் கேட்கும் தூரம் லைகோ எட்டுவதில் பாதிகூட இல்லை. தூரம் பாதியானால், கண்காணிக்கும் அண்டத்தின் கன அளவு எட்டில் ஒன்றாகிவிடும். காக்ரா அதைவிடவும் பின்தங்கியே இருக்கிறது. தொலைவிலிருந்து வரும் பெரும்பாலான அலைகளுக்கு லைகோவின் ஒரு கருவிக்குச் சாட்சி சொல்லக்கூடியது அதன் இணை மட்டுமே.

இந்தியா இதில் எங்கே வருகிறது? கருத்தளவில் தொடக்கத்திலிருந்தே. இரண்டு கருந்துளைகள் கலந்தபின் மிஞ்சும் கருந்துளை எப்படி அதிர்ந்து அடங்கும் என்பதை 1970ல் கணக்கிட்டவர் சி.வி. விஸ்வேஸ்வரா. இரைச்சலுக்குள் புதைந்த அலையை வடிகட்டி எடுக்கும் முறைகளில் சஞ்சீவ் துரந்தரும் பி.எஸ். சத்யபிரகாஷும் 1991ல் எழுதியது அடிப்படையானது. தேட வேண்டிய அலையின் வடிவத்தைக் கணக்கிட்டவர்களில் பாலா ஐயர் முக்கியமானவர். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை இந்த அலைகளைக் கொண்டே சோதிக்கும் வேலை நடக்கிறது.

கருவி என்ற அளவில் இந்தியா வந்த வழி வேறு. மேம்பட்ட லைகோவுக்கு மூன்று தொகுதிக் கருவிகள் செய்யப்பட்டன. இரண்டை ஹான்ஃபோர்டிலேயே ஒரே கட்டடத்தில் வைப்பதாக இருந்தது. ஒரே இடத்தில் இரண்டு வைப்பதைவிட ஒன்றை உலகத்தின் வேறு மூலைக்கு அனுப்பினால் பயன் பல மடங்கு என்று முடிவாகி, முதலில் ஆஸ்திரேலியாவிடம் கேட்டார்கள். 2011ல் அந்த அரசால் பணம் ஒதுக்க முடியவில்லை. வாய்ப்பு இந்தியாவுக்கு வந்தது. கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்த ஆறாம் நாள், 2016 பிப்ரவரி 17 அன்று, மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில், நாகநாதர் கோயிலுக்குப் பேர்போன ஔண்டாவை ஒட்டி இடம் தேர்வானது. 2,600 கோடி ரூபாய்க்கான முழு ஒப்புதல் கிடைத்தது 2023 ஏப்ரல் 6ல். கொள்கையளவில் சொன்ன சம்மதத்துக்கும் கையில் வந்த பணத்துக்கும் நடுவே ஏழு ஆண்டுகள். நிலத்தின் நிலநடுக்க அமைதியை அளப்பது, நிலம் கையகப்படுத்துவது என்று சில வேலைகள் அதற்குள் நடந்தன, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறைக்கென்று படித்துவந்த இளைஞர்களுக்கு ஏழு ஆண்டு என்பது ஒரு முனைவர் பட்டக் காலத்தைவிட நீளம். பலர் வெளிநாட்டுக் கருவிகளுக்குப் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

அமெரிக்கா தரும் பாகங்களின் மதிப்பு சுமார் 8 கோடி டாலர். கட்டடம், 8 கிலோமீட்டர் வெற்றிடக் குழாய், நிறுவுவது, நடத்துவது எல்லாம் இந்தியாவின் பொறுப்பு. இந்தூரின் ராஜா ராமண்ணா மையமும் காந்திநகரின் பிளாஸ்மா ஆய்வு நிறுவனமும் புனேவின் ஐயூக்கா வானியல் மையமும் அணுசக்தித் துறையின் கட்டுமானப் பிரிவும் பங்கு பிரித்துக்கொண்டிருக்கின்றன. இலக்கு 2030.

அது ஓடத் தொடங்கினால் என்ன மாறும்? அமெரிக்கக் கருவிகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பக்கம் பார்க்கும்படி திட்டமிட்டே வைக்கப்பட்டவை, ஒரே அசைவை இரண்டும் காண வேண்டும் என்பதற்காக. அதனால் அலையின் ஒரு வகை அசைவு அவற்றுக்குச் சரியாகத் தெரியாது. பூமியின் மறுபக்கத்தில், வேறு கோணத்தில் இருக்கும் ஹிங்கோலிக்கு அது தெரியும். மோதிய கருந்துளைகளின் சுற்றுப்பாதை நமக்கு எப்படிச் சாய்ந்திருந்தது என்பதும், அதன் வழியே அவை எவ்வளவு தூரத்தில் இருந்தன என்பதும் அப்போது திருத்தமாகக் கிடைக்கும்.

நேரக் கணக்கும் ஒன்று இருக்கிறது. இந்தக் கருவிகள் நாள் முழுவதும் ஓடுபவை அல்ல. தூர நாட்டில் நிலம் நடுங்கினாலும் நிலை தவறும், மறுபடி சமநிலைக்குக் கொண்டுவர மணிக்கணக்கில் ஆகும், பராமரிப்பும் உண்டு. ஒவ்வொன்றும் நூற்றுக்கு 70 பங்கு நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி இரண்டு என்றால் இரண்டும் ஒருசேர ஓடும் நேரம் அந்த 70ல் நூற்றுக்கு 70 பங்கு, அதாவது நூற்றுக்கு 49. கருவி மூன்று என்றால் குறைந்தது இரண்டு கருவிகள் ஓடும் நேரம் நூற்றுக்கு 78. மூன்றும் ஒருசேர ஓடி, அலை வந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய நேரம் நூற்றுக்கு 34. இந்தியா 2,600 கோடி ரூபாய் போட்டுக் கட்டுவது 49ஐ 78 ஆக்கவும், இல்லாத 34ஐ உண்டாக்கவும். அமெரிக்கா தன் இரண்டில் ஒன்றை மூடினால், ஹிங்கோலி எழுந்த பிறகும் கணக்கு 49லேயே நிற்கும். அந்த 34க்கு இன்னொரு நாட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.